மணல் வெளியில் மரம் நடலாமா?

கேள்வி: கடலோரத்தில் எங்கள் ஊர்ப் பொது நிலம் மணலும் முள்செடியுமாகச் சும்மா கிடக்கிறது. அங்கே சின்னச் சின்ன ஓணான்கள் கல்மேல் நின்றுகொண்டு தொண்டையை விரித்து விரித்து மூடுகின்றன. விஷமுள்ளவையா? ஊர் இளைஞர்கள் அந்த நிலம் முழுக்கச் சவுக்கு நடப்போகிறார்கள். இவற்றுக்கும் நிழல் கிடைக்கும், நல்லதுதானே?
- வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: விஷமெல்லாம் கிடையாது, பயப்படாதீர்கள். எறும்பும் சிறு பூச்சிகளும் தின்று வாழும் விசிறித்தொண்டை ஓணான் அது. தொண்டையை விரிப்பது ஆண். கோடையில் இணை தேடும் காலத்தில் கல்லோ மண்மேடோ, கொஞ்சம் உயரமான இடமாகப் பார்த்து ஏறி நின்று பெண்ணை அழைக்கும், பக்கத்து ஆணை விரட்டும், எல்லாம் அந்த விசிறியை வைத்துத்தான்.

சவுக்கு விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. தயவுசெய்து அந்த இளைஞர்களிடம் பேசுங்கள். வேலியிலும் மரத்திலும் ஏறித் திரியும் நம் வழக்கமான ஓணான் வேறு, இது வேறு. இது தரையிலேயே வாழ்வது, பின்னங்காலில் நான்கே விரல்கள், துரத்தினால் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு இரண்டு காலில் ஓடிப்போய் அடுத்த செடியின் அடியில் நின்றுவிடும். அதற்கு வேண்டிய நிழல் அந்தச் செடியடியில் கிடைப்பதே போதும். உடம்பு சூடேற வெயில் வேண்டும், விசிறி தூரத்துக்குத் தெரிய வெட்டவெளி வேண்டும், முட்டையைப் புதைக்க இளகிய மண் வேண்டும். சவுக்கு அடர்ந்துவிட்டால் வெயில் போய்விடும், உதிர்ந்த சருகு மணலை மெத்தையாக மூடிவிடும், அப்புறம் அந்த இடத்தில் இதற்கு என்ன வேலை? சீமைக்கருவேலம் மண்டிய நிலங்களிலும் வெட்டவெளி இப்படித்தான் தொலைகிறது.

புறம்போக்கு, தரிசு என்று எழுதிவைத்துவிட்டதால் அங்கே எதுவுமே இல்லை என்று நினைத்துவிடுகிறோம், எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. இந்த வகை ஓணானை 1829-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது வைத்த பெயரிலேயே பாண்டிச்சேரி இருக்கிறது: சிட்டானா பாண்டிசெரியானா. எல்லாம் ஒரே இனம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2016-இல் இந்திய ஆய்வாளர்கள் பல ஊர் ஓணான்களை ஒப்பிட்டுப் பார்த்து அதைப் பிரித்தார்கள், அப்போது தமிழ்நாட்டிலிருந்தே சிட்டானா விசிரி என்று ஒரு புதிய இனம் வந்தது. ஆள் நடமாட்டமுள்ள வெட்டவெளியில் திரிகிற ஒரு பிராணிக்கே இவ்வளவு தாமதம் என்றால், சும்மா கிடக்கிற நிலம் என்று எதைத்தான் சொல்வது?

மரம் நடும் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூட வளாகம், ஊருணிக் கரை, தெருவோரம் என்று வேம்பும் புங்கனும் நடட்டும், நிழல் மனிதர்களுக்கும் தேவைதானே. மணல் வெளியில் செய்ய வேண்டியது வேறு: சீமைக்கருவேலக் கன்றுகளை வேரோடு பிடுங்கலாம், குப்பை கொட்டாமலும் மணல் அள்ளாமலும் பார்த்துக்கொள்ளலாம். கோடையில் பெண் ஓணான் முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுப் போய்விடும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் அந்த மாதங்களில் அங்கே டிராக்டர் இறக்க வேண்டாம்.