பாய்காட்: ஒரு ஏஜென்ட்டோட பேரு

கேள்வி: பேப்பர்ல அடிக்கடி 'பாய்காட்'னு வருதே சார், பையன்ங்கிற வார்த்தையும் வெட்டுங்கிற வார்த்தையும் சேர்ந்து வந்ததுன்னு என் பொண்ணு சொல்றா, அப்படியா? வாக்கியத்துல எப்படி எழுதணும்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: இல்லம்மா, அது ஒருத்தரோட பேரு. சார்லஸ் பாய்காட், அயர்லாந்துல மேயோ பகுதியில எர்ன் பிரபுவோட நிலத்துக்கு ஏஜென்ட், குத்தகை வசூல் பண்றவர். விளைச்சல் மோசமா போனதால 1880ல குடியானவங்க 25 சதவீதம் குறைக்கச் சொன்னாங்க, பிரபு 10க்கு மேல இறங்கல, பாக்கி வச்சவங்கள வெளியேத்த நோட்டீஸ் வேற கிளம்பிடுச்சு.

அந்த செப்டம்பர்லதான் பார்னெல்ங்கிற தலைவர் என்னிஸ் ஊர் கூட்டத்துல, வெளியேத்தின ஒருத்தனோட நிலத்தை இன்னொருத்தன் எடுத்துக்கிட்டா அவனை என்ன பண்ணலாம்னு கேட்டாரு, சுடணும்னு கூட்டத்துல குரல் வந்துச்சு, அவரு அது வேணாம், ரோட்டுல, கடையில, சந்தையில, சர்ச்லகூட அவனோட பேச்சுவார்த்தை இல்லாம ஒதுக்கிடுங்கன்னாரு. மேயோ ஜனங்க இதை அந்த ஏஜென்ட்கிட்டயே செஞ்சாங்க. வேலையாளுங்க நின்னுட்டாங்க, கடைக்காரங்க சாமான் தரல, தபால் கொண்டு வர்ற பையன்கூட வரல. கடைசியில அறுவடைக்கு வெளியூர்லேர்ந்து 50 பேர், அவங்களுக்குக் காவலா ஆயிரத்துக்கும் மேல சிப்பாய்ங்க, போலீஸ். சுமார் 500 பவுண்டு பயிருக்கு 10,000 பவுண்டு கிட்ட செலவு! டிசம்பர்ல பாய்காட் அயர்லாந்தை விட்டே போயிட்டாரு. கையில அதிகாரம் எதுவும் இல்லாத ஏழைங்க ஒத்துமையா நின்னே ஜெயிச்சாங்க, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

இதுக்கு என்ன பேரு வைக்கலாம்னு ஒரு பத்திரிகைக்காரர் யோசிச்சப்போ, 'ஆஸ்ட்ரசைஸ்'னா (ஒதுக்கி வைக்கிறதுன்னு அர்த்தம்) குடியானவங்களுக்குப் புரியாது, பாய்காட் பண்றதுன்னே சொல்லலாமேன்னு ஓமாலிங்கிற பாதிரியார் சொன்னதா அந்தப் பத்திரிகைக்காரரே எழுதியிருக்காரு. குடும்பப் பேருங்கிறதாலதான் ஸ்பெல்லிங்ல கடைசியில ரெண்டு 'டி'.

அரசாங்கம் தடுத்தா அது 'பேன்', நம்ம வேலையை நாமே நிறுத்தினா 'ஸ்ட்ரைக்', நாமா விலகி ஒதுக்கினாத்தான் பாய்காட், தயவுசெஞ்சு மூணையும் குழப்பாதீங்க. வினைச்சொல்லா எழுதும்போது பின்னாடி 'ஃப்ரம்' போடுறாங்க பலபேர், அது தப்பு. 'தே பாய்காட்டட் த சைமன் கமிஷன்', அவ்வளவுதான். பெயர்ச்சொல்லா வந்தா 'ஆஃப்' சேரும்: 'த பாய்காட் ஆஃப் த சைமன் கமிஷன்'.