பாட்டன் பெயரும் ஆறு ஷில்லிங்கும்

அன்புள்ள ஐயா,

சிட்னியில் இருக்கும் அக்கா மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு வந்தேன். அங்கே ஊரே, பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதுகிற ரக்பி லீக் ஆட்டத்தின் மேல் பைத்தியம். 2022இல் நடந்த உலகக் கோப்பை ஆட்டங்களின் பதிவுகளைப் போட்டுக் காட்டினான். ஜமைக்கா என்று ஒரு புது அணி. விசாரித்தால், அதில் பெரும்பாலானவர்கள் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர்களாம். நியூசிலாந்திடம் 68-6 என்று உதை வாங்கினார்கள். வெளியூர்ப் பிள்ளைகளை வைத்து அணி கட்டிவிட்டு ‘எங்கள் நாட்டில் ஆட்டம் வளர்கிறது’ என்று சொல்வது ஏமாற்று வேலை இல்லையா? நம் கபடிப் பையன்களை இறக்கினால் இதைவிட நல்ல அணி கட்டிவிடலாமே?

ச., அரூர்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் என்னை நேராகப் பாலக்கோடு பக்கத்தில் நடந்த ஒரு பொங்கல் கபடிக்குக் கொண்டுபோய் விட்டது. ஏழெட்டு வருடம் இருக்கும். மண்ணைக் கொத்தித் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, டியூப் லைட் கட்டியிருந்தார்கள். ஊர் அணியின் ஏழு பேரில் நான்கு பேர் பெங்களூருக்குச் சென்டரிங் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள். எதிரணி ஆட்டத்தை நிறுத்திவிட்டது. ஆதார் அட்டையில் பெங்களூர் விலாசம் இருக்கிறது, இவர்கள் எப்படி இந்த ஊருக்கு ஆடலாம் என்று மைக்கிலேயே சண்டை. அரைமணி நேரம் கழித்து ஒரு கிழவி வீட்டுக்குப் போய் ரேஷன் அட்டையோடு வந்தாள். “என் பேரன் என் ஊருக்கு ஆடாமல் வேறு யாருக்கு ஆடுவான்?” கமிட்டிக்காரர்கள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அதில் பையனின் பெயர் இல்லை, தாத்தாவின் பெயர் இருந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

சர்வதேச ரக்பி லீக்கின் விதியும் அந்தக் கிழவியின் நியாயம்தான். பெற்றோரிலோ தாத்தா பாட்டிகளிலோ ஒருவர் அந்த நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம். ஜமைக்கா 2018இல் அமெரிக்காவை 16-10 என்று வென்று உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. கரீபியத்திலிருந்து அங்கே வந்த முதல் நாடு அதுதான். நீங்கள் சிரிக்கிற அந்த 68-6இல் ஒரு 6 இருக்கிறதே, அதில் பென் ஜோன்ஸ்-பிஷப் வைத்த ட்ரைதான் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) உலகக் கோப்பையில் ஜமைக்காவின் முதல் ட்ரை. அந்த அணியில் இருந்தவர்களை வெளியூர்ப் பிள்ளைகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிழைக்கப் போனவர்களின் பேரன்கள் அவர்கள். தர்மபுரிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பசிபிக் தீவு நாடான டோங்காவைப் பாருங்கள். ஆக்லாந்தில் பிறந்து நியூசிலாந்துக்கு ஆடிக்கொண்டிருந்த ஜேசன் டாமலோலோ 2017 உலகக் கோப்பையில் டோங்கா பக்கம் போனார். அதே தொடரில் டோங்கா நியூசிலாந்தை 28-22 என்று வென்றது. 2019இல் ஆஸ்திரேலியாவையும் சாய்த்தது. இப்படியே பேரன்களைத் திரட்டிய இன்னொரு தீவு நாடான சமோவா, நீங்கள் பார்த்த அந்தத் தொடரில் இறுதியாட்டம் வரை போனது.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. இந்த ஆட்டம் பிறந்ததே கூலிப் பிரச்சினையில்தான். வடக்கு இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதற்கு ஈடு கொடுக்கலாமா என்று கேட்டபோது, பணம் வாங்கினால் விளையாட்டின் கண்ணியம் கெட்டுவிடும் என்றார்கள் வயிற்றுப்பாடு தெரியாத கனவான்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்பீல்டில் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள் பழைய ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்துபோய்விட்டன. இழந்த ஒரு நாள் கூலிக்கு ஆறு ஷில்லிங் (அன்றைய இங்கிலாந்துக் காசு) வரை ஈடு என்று முடிவானது. அணிக்குப் பதினைந்து பேர் என்பது பதின்மூன்று ஆனதெல்லாம் 1906இல், பிறகு நடந்தது.

இங்கிலாந்தில் வளர்ந்த பேரனுக்குக் கிளப் சம்பளம் கொடுக்கிறது. ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் இருந்துகொண்டே ஆடுகிற பையனுக்கு அந்த ஆறு ஷில்லிங்கை யார் கொடுப்பது? ஜெர்சியை ஆறு மாதத்தில் தைத்துவிடலாம், உள்ளூர்ப் போட்டித் தொடரை அப்படித் தைக்க முடியாது. பப்புவா நியூ கினியில் தெருவெல்லாம் இந்த ஆட்டம்தான். ஆனாலும் 2014இல் அவர்களுடைய ஹண்டர்ஸ் அணி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலப் போட்டித் தொடரில் சேர்ந்த பிறகுதான், உள்ளூர்ப் பையன்கள் ஊதியத்தோடு வாராவாரம் பெரிய ஆட்டம் ஆட வழி பிறந்தது. 2017இல் அந்தக் கோப்பையையே தூக்கினார்கள். இப்போது 2028 முதல் ஆஸ்திரேலியாவின் முதன்மைத் தொடரிலேயே அவர்களுக்கு ஓர் இடம். பத்து ஆண்டுகளுக்கு 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் போடுகிறது ஆஸ்திரேலிய அரசு. அதில் ராஜதந்திரக் கணக்கும் உண்டு, அது தனிக்கதை.

நம் கபடிப் பையன்கள் விஷயம். பிடியில் சளைத்தவர்கள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கபடியில் பிடித்து அமுக்கினால் ஆள் வெளியே. ரக்பி லீக்கில் விழுந்தவன் எழுந்து, பந்தைக் குதிகாலால் பின்னே தள்ளிவிட்டு மறுபடி வருவான். ஒருமுறை பந்து கிடைத்தால் ஆறு டேக்கிள் (பிடித்து வீழ்த்துவது) வரை அந்த அணி வரும். பிடிக்கிற அணி ஒவ்வொரு முறையும் பத்து மீட்டர் பின்வாங்கி மீண்டும் மோத வேண்டும். 80 நிமிடம். அதற்கு வேறு நுரையீரல் வேண்டும். தவிர, புதிதாக வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற உரிமையை நாம் 2018இல் ஜகார்த்தாவில் தொலைத்துவிட்டோம். ஆசிய விளையாட்டுக் கபடி அரையிறுதியில் ஈரான் நம்மை 27-18 என்று அனுப்பிவைத்தது.

அந்தப் பொங்கல் கபடியில் உள்ளூர்ப் பையன் ஒருவன் ஆடினான், கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் வேலைக்குப் போகிறவன். இரண்டாவது ஆட்டத்தில் கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. கமிட்டி அவனுக்குக் கொடுத்தது ஐந்நூறு ரூபாயும் ஓர் எவர்சில்வர் குடமும். மறுவருடம் அவன் களத்துப் பக்கமே வரவில்லை. பெங்களூர்ப் பையன்கள் வந்தார்கள்.

போன மாதம் கமிட்டிக்காரர்களைப் பார்த்தபோது ஒன்று கேட்டேன். முதல் பரிசுக் கோப்பையில் ஓர் அடியைக் குறைத்து, அந்தப் பணத்தை அடிபடுகிறவனின் கூலிக்கு எடுத்துவையுங்கள் என்றேன். நல்ல யோசனை என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஓசூரில் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தாகிவிட்டதாம். இந்த முறை ஐந்தடிக் கோப்பை.