அந்தப் புத்தகத்தில் பிரையன் எங்கே?

கேள்வி: பள்ளிக்கூட நாளிலிருந்தே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ்தான் எனக்குக் கிடார் குரு. அவருடைய 'லைஃப்' சுயசரிதையை இப்போதுதான் படித்து முடித்தேன். மனசு விட்டுப்போயிற்று. கூட இருந்தவர்களை மட்டம் தட்டுவதும், தன் பெருமையைச் சொல்வதுமாகவே போகிறது. "எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாரே, அது போதாதா?" என்கிறான் என் நண்பன். என் ஏமாற்றம் நியாயமா? இனி அந்தப் பாட்டுகளை எப்படிக் கேட்பது?
- ஒரு வாசகர், மூஞ்சிக்கல், கொடைக்கானல்

பதில்: நியாயம்தான். உங்கள் நண்பர் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அந்தப் புத்தகத்துக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற பத்திரிகையாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு எழுதி, 2010-இல் வெளியிட்டார். கிடாரின் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு மீதி ஐந்தையும் ஜி, டி, ஜி, பி, டி என்று சுதி சேர்ப்பதைப் பற்றி எழுதியிருக்கிறாரே, அந்தப் பக்கங்களுக்காகவே அதை இன்னும் என் அலமாரியில் வைத்திருக்கிறேன். கைத்தொழில் தெரிந்தவர் தன் தொழிலைப் பற்றிப் பேசும்போது வருகிற சந்தோஷம் அதில் இருக்கிறது. 1976-இல் பச்சிளம் குழந்தையாகவே இறந்துபோன மகனைப் பற்றி எழுதும்போதும் அவர் நடிக்கவில்லை. வீட்டில் விட்டுவிட்டுப் போனதற்காகத் தன்னையே மன்னிக்க முடியவில்லை என்கிறார். படிக்கிறவருக்கும் தொண்டை அடைக்கிறது.

சரி, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கிய பிரையன் ஜோன்ஸ்?

1962-இல் லண்டனின் 'ஜாஸ் நியூஸ்' பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தவர் பிரையன். அமெரிக்க புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் ஒரு பாட்டிலிருந்து எடுத்துக் குழுவுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் இந்தப் புத்தகத்தில் ஓயாமல் சிணுங்கும், பொறாமை பிடித்த, மற்றவர்களுக்குப் பாரமான ஆளாக வந்துபோகிறார். 1967-இல் எல்லாரும் மொராக்கோவுக்குக் காரில் கிளம்புகிறார்கள். வழியில் உடம்பு முடியாமல் பிரையன் பிரான்ஸில் துலூஸ் ஊர் ஆஸ்பத்திரியில் படுத்துவிடுகிறார். அவருடைய காதலி அனிதா பாலன்பெர்க்கும் கீத்தும் அந்தக் காரிலேயே நெருங்கிவிடுகிறார்கள். கடைசியில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் பிரையனைத் தனியாக விட்டுவிட்டு இருவரும் புறப்பட்டு வந்துவிடுகிறார்கள். பிரையன் நல்லவர் என்று நான் வாதாடவில்லை. அனிதாவை அடித்தவர் அவர். அந்தப் பெண் விலகிப் போனது சரி. ஆனால் நண்பனுக்குத் தான் செய்தது என்ன என்ற கேள்வி, நாற்பது வருஷம் கழித்து எழுதும்போதும் கீத்துக்கு உறைத்ததாக எனக்குத் தெரியவில்லை. 1969 ஜூனில் பிரையனைக் குழுவிலிருந்து விலக்கினார்கள். ஜூலை 3 அன்று 27 வயதில் நீச்சல் குளத்தில் இறந்தார். அவர் தரப்பை அவர் வாயால் இனி யாரும் கேட்க முடியாது.

இதே புத்தகத்தில் பியானோக்காரர் இயான் ஸ்டூவர்ட்டைப் பற்றி எவ்வளவு பிரியமாக எழுதுகிறார் பாருங்கள். இன்றைக்கும் இது ஸ்டூவர்ட்டின் குழுதான், தான் இன்னும் அவருக்குத்தான் வேலை செய்கிறேன் என்கிறார். முகம் பொருந்தவில்லை என்று மேனேஜர் ஒதுக்கியபோதும் கோபித்துக்கொள்ளாமல் கூடவே இருந்து உழைத்த மனிதர் ஸ்டூவர்ட். அந்த வார்த்தைக்குத் தகுதியானவர்தான். ஆனால் பிரையனின் விளம்பரத்தைப் பார்த்து முதலில் வந்தவரே இந்த ஸ்டூவர்ட்தான்! ஆக, மனசு விரிந்து பாராட்டத் தெரியாதவர் அல்ல கீத். தனக்குப் போட்டியாக நிற்காதவரைப் பாராட்டுகிறார். போட்டியாக நின்றவருக்கு அந்த மனசு வரவில்லை. நண்பர் 'மறைக்கவில்லை' என்று சொல்வதை நான் ஏற்காதது இதனால்தான்.

போதை விஷயம் வேறு. தான் எடுத்தது சுத்தமான சரக்கு, அளவும் தெரிந்திருந்தது, அதனால் பிழைத்தேன் என்கிற மாதிரி எழுதுகிறார். நம் மலையில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. போதைக் காளான் தேடி வட்டக்கானல் பக்கம் வருகிற பையன்களும் இதைத்தானே சொல்கிறார்கள்? இயற்கையாக முளைப்பது, ஒன்றும் செய்யாது, எனக்கு அளவு தெரியும் என்று. கீத்தின் நெருங்கிய நண்பர் கிராம் பார்சன்ஸ், 1971-இல் பிரான்ஸில் அவர் வீட்டிலேயே வந்து தங்கியிருந்த பாடகர், 1973-இல் போதையிலேயே போய்விட்டார். வயது 26. அவரும் ஒரு புத்தகம் எழுத உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பாட்டுகளைக் கேளுங்கள், நிறுத்தவேண்டாம். 1966-இல் வந்த 'பெயின்ட் இட் பிளாக்' போட்டுக் கேளுங்கள். அதில் சிதார் வாசிப்பது பிரையன். அதே வருஷத்து 'அண்டர் மை தம்ப்' பாட்டில் மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா அவர் கை. அப்புறம் 'ரூபி டியூஸ்டே' முழுக்கக் கூடவே வருகிற அந்தக் குழல் அவர் மூச்சு. மூன்றுக்கும் பாட்டை ஆக்கியவர்கள் என்று இரண்டே பெயர்தான் அச்சாகியிருக்கும்: குழுவின் பாடகர் ஜாகர், கிடார்காரர் ரிச்சர்ட்ஸ்.