திருநெல்வேலிக்கு 12 எழுத்தா?

500 எழுத்து வரம்புள்ள போட்டிக்கு நீங்கள் எழுதி, கையால் எண்ணி 480 எழுத்து வந்த தேரோட்டக் குறிப்புக்கு இணையக் கருவி 860 காட்டுவது உங்கள் பிழையன்று. அது எழுத்துகளை விட்டுவிட்டு, இடைவெளி உட்பட யூனிகோடு குறியீடுகளை (கணினி எழுத்தைச் சேமிக்கப் பயன்படுத்தும் அலகுகளை) எண்ணுகிறது. ‘தி’ நமக்கு ஓரெழுத்து. கணினிக்கோ தகரமும் இகரக் குறியுமாக இரண்டு. மெய்யின் புள்ளிக்கும் தனிக் கணக்கு உண்டு.

‘திருநெல்வேலி’ என்று மட்டும் ஒட்டிப் பாருங்கள்: ஆறெழுத்துக்கு 12 வந்தால் காரணம் இதுவே. ஆனால் ‘தாமிரபரணி’யும் ஆறெழுத்தாக இருந்தும் அதற்கு 9தான் வரும் என்பதால், மொத்தத்தைப் பாதியாக்கும் குறுக்குவழி (பாளையங்கோட்டையில் ஒரு மலருக்கு எழுதியபோது நானும் அப்படிச் செய்து ஏமாந்தேன்) உதவாது.

சொல் எண்ணிக்கையைப் பெரும்பாலும் நம்பலாம். ‘அல்வாக் கடை’யைச் சேர்த்து எழுதினால் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

போட்டிப் படிவமும் குறியீடுகளையே எண்ணுமானால் 500இல் வெட்டிவிடக்கூடும். ஆகையால் அனுப்புமுன் அதில் ஒட்டி, கடைசி வரி முழுதாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.