கேள்வி நேரம்: திராட்சை நிரைகளுக்கு நடுவே ஒரு நாள்

கேள்வி: புளோரன்சிலிருந்து ஓட்டுநரோடு கார் எடுத்து, ஒரே நாளில் இத்தாலியின் தொஸ்கானா மலை ஊர்களைப் பார்க்க முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், தங்கச்சி. ஆனால் இரண்டு ஊர் போதும்: மொந்தால்சினோ, பியென்சா. போகவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். மொந்தெபுல்சியானோ ஒரே ஏற்றம், அம்மாவுக்கு வேண்டாம். பியென்சாவின் பெரிய தெரு சமதளம். செம்மறி ஆட்டுப்பால் சீஸ் கடைகளின் வாசனை வாசலிலேயே இழுக்கும்.

மொந்தால்சினோவின் புருனெல்லோ ஒயின், சாஞ்சியோவேசே என்ற ஒரே வகைத் திராட்சையில் செய்வது. அறுவடைக்குப் பிறகு ஐந்தாம் ஆண்டில்தான் விற்பனைக்கு வரும். அந்தக் கொடி வரிசைகளைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால்மர நிரைகள்தான் கண்ணில் வந்தன. அம்மாவுக்கும் வரும். அங்கே காரை நிறுத்தச் சொல்லி, அவரைக் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள்.