பொக்ஸ் வேலி அடியில் மொட்டையாவது ஏன்?

கேள்வி: நுவரெலியாவுக்குக் கிட்ட நானுஓயாப் பக்கம், தேயிலை பிடுங்கிய நிலத்தில் வீடு கட்டி முற்றத்து ஓரமாகப் பொக்ஸ் (Buxus) என்ற சின்ன இலைச் செடியில் வேலி வைத்தோம். நாலு வருடமாகிறது. மேலே தழைக்கிறது, அடியில் இலையே இல்லை. இலையும் மஞ்சளடிக்கிறது. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: படத்தைப் பார்த்தேன். வேலியின் மேல்பக்கம் தேயிலைச் செடி மாதிரி அகலமாக, தட்டையாக இருக்கிறது, அடி ஒடுங்கியிருக்கிறது. கோளாறு அங்கேதான். தேயிலையைப் பரப்பி மட்டமாக வைப்பது கொழுந்துக்காக. கை பழகிய பழக்கத்தில் பொக்ஸையும் அப்படியே வெட்டிவிடுகிறோம். மேலே குடை விரித்தால் கீழே வெளிச்சம் இறங்காது. இலை கொட்டி வெறும் குச்சிதான் மிஞ்சும். அடி அகலமாகவும் மேலே போகப்போக ஒடுங்கியும் இருக்க வேண்டும். 3 அடி உயர வேலிக்கு அடியில் ஒன்றரை அடி, உச்சியில் ஒரு அடி சரி. கயிறு கட்டி வெட்டுங்கள், கண்மட்டத்தை நம்ப வேண்டாம்.

அதற்காகத் தேயிலைக்குப் போல ஒரேயடியாகக் கவ்வாத்து பண்ணாதீர்கள், அதாவது கிளைகளை மொத்தமாக வெட்டித் தள்ளாதீர்கள். முற்றிய கிளையிலும் துளிர் வரும், ஆனால் மெதுவாகத்தான். வருடத்துக்கு 4 முதல் 6 அங்குலம் வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி. இந்த வருடம் ஒரு பக்கத்தை ஒடுக்குங்கள், அடுத்த வருடம் மறுபக்கம். ஜனவரி, பெப்ரவரியில் வெட்டினால் இளந்துளிர் உறைபனியில் கருகும். அது கழிந்ததும், மழையில்லாத மப்பான நாளாகப் பாருங்கள். ஈரத்தில் வெட்டவே கூடாது. இலையில் பழுப்புப் புள்ளியும் தண்டில் கறுப்புக் கோடும் தெரிந்தால் அது கருகல் நோய். அந்தக் கிளைகளை வெட்டி எரித்து, உதிர்ந்த இலையையும் பொறுக்கி, கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

மஞ்சளுக்கு வருவோம். முதலில் வேரடியில் தண்ணீர் தேங்குகிறதா பாருங்கள். தேங்கினால் கான் வெட்டி வடியவிடுங்கள். அடுத்தது மண்ணின் புளிப்பு. அதைப் பிஎச் என்ற எண்ணால் அளப்பார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலைக்குப் பிஎச் 4.5 முதல் 5.5 வரை போதும், பொக்ஸுக்கு 6.5க்கு மேல் இருந்தால் நல்லது. மண்ணைப் பரிசோதித்துவிட்டு, புளிப்பு அதிகமென்றால் சதுர மீற்றருக்கு 100 கிராம் அளவில் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவுங்கள். வேர் மேலாகவே ஓடும், மண்வெட்டி போடாமல் மேலே கொம்போஸ்ட் மூடினால் போதும். மிச்சமிருக்கும் தேயிலை உரத்தை மட்டும் வைத்துவிடாதீர்கள், மண் இன்னும் புளிக்கும்.

வெட்டியதில் கொஞ்சம் முற்றிய நுனிகளை 4 அங்குலத்தில் எடுத்து, மணல் கலந்த பைகளில் நிழலில் ஊன்றி வையுங்கள். வேர்விடச் சில மாதம் எடுக்கும், வேலியில் செத்த இடங்களுக்கு அதுவே ஆகும். மற்றத் தழையை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போட்டுவிடாதீர்கள். பொக்ஸ் இலை அவற்றுக்கு நஞ்சு.