கணினிக் கேள்வி-பதில்: அலுவலகப் பிளகின்கள்

கேள்வி: நிலாவெளியில் விடுதி நடத்துகிறோம். முன்பதிவுகள் எல்லாம் கூகுள் ஷீட்டில் இருக்கின்றன. ஒரு நிரலில் (மேலிருந்து கீழான வரிசையில்) ‘உறுதி’ என்று எழுதியதும் விருந்தினருக்கு மின்னஞ்சல் போகும்படி, ஷீட்டுக்குக் கட்டளை எழுதும் கூகுள் வசதியான அப்ஸ் ஸ்கிரிப்டில் பிளகின் (துணைச் செயலி) ஒன்று எழுதினேன். எடிட்டரில் வைத்து ஓட்டினால் மின்னஞ்சல் போகிறது. ஷீட்டில் எழுதினால் போவதில்லை. திரையில் பிழைச் செய்தியும் வருவதில்லை. ஏன்?

பதில்: உங்கள் சார்புக்கு (கட்டளைத் தொகுதிக்கு) ‘ஒன்எடிட்’ என்று பெயர் வைத்திருப்பீர்கள். அந்தப் பெயர் உள்ள சார்பு ஷீட்டைத் திருத்தியதும் தானாகவே ஓடும், ஆனால் அனுமதி இல்லாமல் ஓடும். அனுமதி கேட்கும் எந்தச் சேவையையும் அது தொட முடியாது, மின்னஞ்சலும் அப்படிப்பட்டதுதான். எடிட்டரில் ஓட்டும்போது உங்கள் அனுமதியோடு ஓடுவதால் வேலை செய்கிறது. பிழை எங்கே போனது என்று பார்க்க, எடிட்டரின் இடப்பக்கத்தில் உள்ள ‘எக்சிகியூஷன்ஸ்’ (ஓட்டங்களின் பதிவு) பக்கத்தைத் திறவுங்கள்.

முதலில் சார்பின் பெயரை மாற்றுங்கள். ‘ஒன்எடிட்’ என்றே விட்டுவிட்டு ட்ரிகரும் (சார்பை ஓடவைக்கும் தூண்டி) வைத்தால் ஒரு திருத்தத்துக்கு இரண்டு முறை ஓடும். பிறகு இடப்பக்கக் கடிகாரச் சின்னத்தை அழுத்தி, புதிய ட்ரிகர் ஒன்றைச் சேர்த்து, நிகழ்வு வகையில் ‘ஒன் எடிட்’ என்பதைத் தெரிவுசெய்து, அனுமதி கொடுங்கள். இந்த ட்ரிகர் அதை உருவாக்கியவருடைய கணக்கில்தான் ஓடும். வேலைக்கு வந்த தம்பியின் சொந்தக் கணக்கில் வைத்துவிட்டு, அந்தக் கணக்கு மூடப்பட்ட நாளில் எல்லாம் நின்றுபோவது பலருக்கும் நடக்கிறது. விடுதியின் பொதுக் கணக்கில் வையுங்கள்.

இலவசக் கணக்கில் ஸ்கிரிப்ட் மூலம் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் மின்னஞ்சல் அனுப்பலாம். சீசனில் அது போதாமல் போகலாம். ஆகவே அனுப்பிய உடனே அதே நிரையில் (இடமிருந்து வலமான வரிசையில்) ‘அனுப்பியது’ என்று திகதியோடு குறியுங்கள்; அடுத்த முறை ஓடும்போது குறி உள்ள நிரையைத் தாண்டிப் போகச் செய்யுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஷீட்டில் வேலை செய்தால் ஒரு விருந்தினருக்கு இரண்டு மின்னஞ்சல் போகலாம்; அதைத் தடுக்க, ஒரு நேரத்தில் ஒரு ஓட்டத்தை மட்டும் விடும் ‘லொக்சேர்விஸ்’ இருக்கிறது. நிரைகள் பெருகும்போது இன்னொரு தடையும் வரும்: ஒரு ஓட்டம் 6 நிமிடத்தைத் தாண்டினால் நிறுத்தப்படும். ஒவ்வொரு கட்டமாக வாசிப்பதுதான் வழக்கமான காரணம், ஏனென்றால் ஒவ்வொரு வாசிப்பும் கூகுளின் சேவைக்கு ஒரு தனிப் பயணம். ‘கெட்வேல்யூஸ்’ கொண்டு முழுப் பகுதியையும் ஒரே தடவையில் எடுங்கள். எடுத்த மதிப்புகளின் அணியில் (நினைவகத்தில் உள்ள பட்டியலில்) வேலையைச் செய்து, ‘செட்வேல்யூஸ்’ கொண்டு ஒரே தடவையில் திருப்பி எழுதுங்கள்.

கேள்வி: கிண்ணியாவில் ஒரு சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலுக்கு எக்செல் பிளகின் செய்கிறேன். கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரிவதைத் தேடினால் கிடைப்பதில்லை. அடையாள அட்டை இலக்கங்களும் குழம்பிக் கிடக்கின்றன.

பதில்: தமிழ்த் தரவோடு வேலை செய்யும் யாரும் இதிலிருந்து தப்ப முடியாது, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றை மட்டும் சேர்ப்பது ஒரு விதம். எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றது. திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். பிளகின் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், எழுத்துகளை ஒரே வடிவாக்கும் ‘நோர்மலைஸ்’ சார்பை ‘என்எஃப்சி’ (குறிகளைச் சேர்த்து வைக்கும்) வடிவத்தில் இரு பக்கத்துக்கும் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். முன்பின் இடைவெளிகளையும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகல எழுத்துகளையும் அப்போதே நீக்கிவிடுங்கள்.

ஆனால் ‘கௌரி’ என்பதை எகரக் குறியும் ளகரமுமாக ‘கெளரி’ என்று தட்டியிருந்தால் நோர்மலைஸ் அதைத் தொடாது. அது எழுத்துப் பிழை. அந்தச் சேர்க்கையை எல்லா இடத்திலும் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நிலாவெளியும் உப்புவெளியும் உங்கள் முகவரி நிரலில் அந்த இடத்திலேயே உடைந்துபோகும். சந்தேகமான பெயர்களைத் தனிப் பட்டியலாக எடுத்து, சங்கத்தில் ஆட்களைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்துவதுதான் சரி.

பழைய கோப்புகளில் யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துரு இருந்தால், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். தமிழ் உருவத்தைக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. சீஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் எழுத்துருத் தகவல் போய்விடும். பிறகு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று பிரிக்க முடியாது. எனவே எக்செல் கோப்பாக இருக்கும்போதே கட்டம் கட்டமாக எழுத்துருப் பெயரைப் பார்த்து யுனிகோடுக்கு மாற்றுங்கள். பெரிய பகுதியை ஒன்றாகக் கேட்டால், எழுத்துருக்கள் கலந்திருக்கும்போது ஒஃபிஸ் ஜேஎஸ் (எக்செல் பிளகின் எழுதும் மைக்ரோசொஃப்ட் வசதி) எழுத்துருப் பெயருக்குப் பதிலாக வெறுமையைத்தான் தரும்.

அடையாள அட்டை இலக்க நிரலைத் தரவு இடுவதற்கு முன்பே ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். 12 இலக்கப் புதிய எண்ணை எக்செல் அறிவியல் குறியீட்டில் சுருக்கிக் காட்டும். 026 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணில் முன் பூச்சியத்தையே தின்றுவிடும். பழைய எண்ணைப் புதியதாக்க, முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் முதல் 5 இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 இட்டு, கடைசி எழுத்தை நீக்குங்கள்: 851234567V என்பது 198512304567 ஆகும். ஒப்பிடுவதற்கு இரண்டையும் இப்படி ஒரே வடிவாக்குங்கள். மூல நிரலில் கைவைக்க வேண்டாம்.

கேள்வி: திருகோணமலையில் நண்பர்கள் சேர்ந்து ஒரு பிளகினைத் திறந்த மூலமாக வெளியிட்டோம். வட்ஸ்அப் குழுவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உதவி கேட்கிறார்கள், யாரும் கணினி நிரல் (புரோகிராம்) எழுத வருவதில்லை.

பதில்: உரிமக் கோப்பு இருக்கிறதா? இல்லாவிட்டால் மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் சட்டப்படி மற்றவர் மாற்றி வெளியிட முடியாது. விபரம் தெரிந்தவர்கள் ஒதுங்கித்தான் நிற்பார்கள். எம்ஐடி அல்லது ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமங்களில் ஒன்றைத் தெரிவுசெய்து கோப்பாக வையுங்கள்.

அடுத்தது மாதிரிக் கோப்பு. புதிதாக வருபவர் 15 நிமிடத்துக்குள் பிளகினை நிறுவி ஓட்டிப் பார்க்க முடியவேண்டும். 50 நிரைகள் கொண்ட பயிற்சிக் கோப்பு ஒன்றைக் கற்பனைப் பெயர்களும் கற்பனை இலக்கங்களுமாகச் செய்து, மேலே சொன்ன எழுத்துப் பிழைகளை வேண்டுமென்றே அதில் வையுங்கள். உண்மையான அங்கத்தவர் பட்டியலை எந்தக் காரணத்துக்காகவும் போடக்கூடாது.

வட்ஸ்அப்பில் எழுதிய தீர்வு ஒரு வாரத்தில் மேலே போய் மறைந்துவிடும். அதே கேள்வி மூன்றாம் முறை வந்தால், கேள்வியையும் பதிலையும் மூலத்தை வைக்கும் தளமான கிட்ஹப்பின் ‘இஷ்யூஸ்’ (சிக்கல்கள்) பகுதியில் தமிழிலேயே பதிந்து, அதன் இணைப்பைக் குழுவில் போடுங்கள். உதவி கேட்பவரிடம் எக்செல் பதிப்பு, பிளகின் பதிப்பு, எந்தக் கட்டத்தில் என்ன தட்டினார் என்ற மூன்றையும் கேளுங்கள். அவற்றைத் தெளிவாக எழுதித் தருபவர்தான் உங்கள் அடுத்த பங்களிப்பாளர். அவருக்கு ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை ஒன்றைக் கொடுங்கள். பிழைச் செய்தி ஒன்றைத் தமிழாக்குவது போதும். அனுப்பிய திருத்தத்துக்கு இரண்டு நாளுக்குள் பதில் எழுதுங்கள், ஏற்கமுடியாவிட்டாலும் காரணத்தோடு. பதில் வராத திருத்தம் ஒருவரை இழக்க வைக்கும். அவர் இரண்டாவது அனுப்பமாட்டார்.

நேரில் கூடுவதானால் 10 பேர், இரண்டு மணி நேரம், பழுதான ஒரு கோப்பு போதும். நிறுவவேண்டியவற்றை முந்தின நாளே பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போங்கள். 10 பேரும் ஒரே இணைப்பில் இறக்கத் தொடங்கினால் முதல் மணி நேரம் அதிலேயே போய்விடும். விளக்கவுரை வேண்டாம். ஆளுக்கொரு கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து, பிழையைத் தேடத் தொடங்கட்டும்.